தொலைக்காட்சி வழிப் புதினங்களும் வழிநூல் மரபும்

முன்னுரை

புதினம் என்னும் இலக்கிய வகை பலவாறு கிளைத்து வளர்ந்துள்ளது. அக்கிளைகளுள் ஒன்று இன்னும் ஆராய்ச்சியாளரின் நோக்கினைப் பெறாது ஒதுங்கி நிற்கின்றது. தொலைக்காட்சியில் தொடராக வந்த அறிவியற் புனைகதை ஒன்றினை அடியாகக் கொண்டு, அதன் மாந்தரையும் உலகினையும் வைத்துப் பின்னர் எழுதப்பெறும் புதினமே அது. இதனைத் 'தொலைக்காட்சி வழிப் புதினம்' என ஈண்டுக் குறிப்போம்.

இவ்வகைப் புதினங்களைத் திறனாய்வாளர் பலர் இலக்கியமாகக் கொள்வதில்லை. அவை வணிகச் சரக்குகள் என்பதும், பிறர் கற்பனையைக் கடன் வாங்கியவை என்பதும், கற்போர்க்குப் பயன் தாரா என்பதும் அவர் கூறும் காரணங்கள். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் 'பிறர் கற்பனையைக் கடன் வாங்கியது' என்பது ஒன்றனை ஒதுக்குதற்குப் போதிய காரணம் ஆகுமாயின், தமிழிலக்கியத்தில் எஞ்சுவன மிகச் சிலவே. வடமொழிக் கதையை வாங்கிய கம்பரும், பெரியோர் வரலாறுகளைச் சுருங்கக் கூறிய முன்னை நூல்களை விரித்த சேக்கிழாரும் அவ்வளவையால் விலக்கப்படுவர். ஆகவே அளவையே பிழையுடையது என்பது தெளிவு.

ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதிகளில் தமிழ் கற்பிக்கும் நமக்கு இவ்வாராய்ச்சி வெறும் கொள்கை ஆராய்ச்சி அன்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்கும் எல்லைப் பகுதி இது. தொழிற்கூடங்களில் பணிபுரிவோரின் மக்கள் நம் வகுப்புகளில் அமர்கின்றனர். அவருள் பலர் தாமே விரும்பிக் கையில் எடுத்த முதல் தமிழ் நூல் காப்பியமும் அன்று, சமூகப் புதினமும் அன்று. எந்திரங்கள் பேசும் கதையே. அதனை ஆய்வுப் பொருளாகக் கொள்ள விழைவோர்க்கு 'இஃது இலக்கியமா?' என்னும் வினாவே விடையாகக் கிடைக்குமாயின், இழப்பு அம்மாணவர்க்கு மட்டும் அன்று. தமிழ்த் துறைக்கும் உண்டு. எனவே இவ்வகையை மதிப்பிடுதற்கு ஏற்ற அளவை யாது என்பதனை இக்கட்டுரை ஆராய்கின்றது.

நூல் வகையும் அளவையும்

அளவையைத் தேடிப் பிறமொழித் திறனாய்வு நூல்களை நாட வேண்டுவதில்லை. தொல்காப்பியர் மரபியலில் நூலினை முதல்நூல், வழிநூல் என இரண்டாக வகுத்தார். வழிநூலினைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல் என நான்காகப் பகுத்தார். பின்வந்த பவணந்தியார் சார்பு நூல் என மூன்றாவது வகை ஒன்றினையும் நன்னூலில் உடன் வைத்தார். முதல்நூலின் முடிவோடு பெரிதும் ஒத்துச் சில வேறுபாடுகளைக் கொள்வது வழிநூல். சிறிதே ஒத்துப் பெரிதும் வேறுபடுவது சார்பு நூல்.

இப்பாகுபாட்டில் கருதத்தக்கது ஒன்றுண்டு. வழிநூல் என்பது இழிவுப் பெயர் அன்று. மூலம் உண்டா இல்லையா என்பது நூலின் வகையைக் காட்டுமேயன்றி அதன் தகுதியைக் காட்டுவது இல்லை. ஆசிரியன் மூலத்தினின்றும் எங்கே வேறுபட்டான், ஏன் வேறுபட்டான், அவ்வேறுபாட்டால் நூல் என்ன பெற்றது என்பனவே தகுதியை அறிவிக்கும் வினாக்கள். இலக்கணிகள் அறிவு நூல்களை எண்ணி வகுத்த இப்பாகுபாட்டைப் புனைகதைக்குப் பொருத்துதல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். காப்பியங்களை ஆராய்வோர் இப்பாகுபாட்டினை முன்னரே கையாண்டுள்ளனர் ஆதலின், புதினத்திற்கும் அது பொருந்தும் என்றே கொள்கின்றோம்.

தொகுத்தல்

'ஸ்டார் டிரெக்' என்னும் அமெரிக்கத் தொடர் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பாயிற்று. நம் நாட்டிலும் 1980களில் தூர்தர்ஷன் வாயிலாக அது காட்டப்பெற்றது. இத்தொடரின் கதைகளைச் சிறுகதைகளாக்கி 1967 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டவர் ஜேம்ஸ் பிளிஷ். அவர் தாமே தேர்ந்த அறிவியற் புனைகதை ஆசிரியர். 1975 இல் அவர் மறைந்த பின்னரும் அவ்வரிசை தொடர்ந்து, 1977 இல் பன்னிரண்டாம் தொகுதியுடன் நிறைவுற்றது.

பிளிஷ் திரையைப் பார்த்து எழுதினார் அல்லர். கையெழுத்துப் படியாக வந்த திரைக்கதையை வைத்தே பெரும்பாலும் எழுதினார். அதனால் அவர் கதைகளுக்கும் ஒளிபரப்பான காட்சிகளுக்கும் இடையே வேறுபாடுகள் காணப்படுகின்றன. ஒரு மணி நேரக் காட்சி சில பக்கங்களில் அடங்குகின்றது. நடிகரின் முகக் குறிப்பும் குரலும் தந்த மெய்ப்பாடு மறைந்து போகின்றது. அதற்கு ஈடாக, காட்சியில் விளங்காது விரைந்து கழிந்த அறிவியற் காரணம் ஓரிரு தொடர்களில் தெளிவுறுகின்றது. இது தொகுத்தலின் இயல்பு. தொகுப்போன் திறம் எதனை விடுத்தான் என்பதில் உள்ளது. இவ்வளவையால் நோக்குமிடத்துப் பிளிஷின் கதைகள் தெளிவினால் சிறந்தும் மெய்ப்பாட்டினால் குறைந்தும் நிற்பவை எனலாம்.

விரித்தல்

இங்கிலாந்தின் 'டாக்டர் ஹூ' 1963 இல் தொடங்கிய தொடர். அதன் முதல் வழிப்புதினத்தை 1964 இல் எழுதியவர் அத்தொடரின் கதைப் பதிப்பாளராக இருந்த டேவிட் விட்டேக்கர். தொலைக்காட்சியில் கதை ஒரு பழம்பொருட் கிடங்கில் தொடங்குகின்றது. விட்டேக்கரோ அத்தொடக்கத்தை விட்டுவிட்டார். மூடுபனி சூழ்ந்த இரவில் வெளியிடம் ஒன்றில் நிகழ்ந்த ஊர்தி விபத்திலிருந்து கதையைத் தொடங்கினார். கதை முழுவதும் இயன் செஸ்டர்டன் என்னும் ஆசிரியர் தன்மையிடத்தில் கூறுவதாக அமைத்தார். காட்சியில் எல்லார்க்கும் பொதுவாக இருந்த நிகழ்ச்சி, நூலில் ஒருவன் உள்ளத்தில் ஏற்பட்ட அச்சமாகவும் வியப்பாகவும் மாறுகின்றது. இது வெறும் பெயர்ப்பு அன்று. கூற்று மாற்றத்தால் விளைந்த புத்தாக்கம்.

1973 முதல் 'டார்கெட்' என்னும் வெளியீட்டு வரிசை இத்தொடரின் கதைகளைச் சிறுவர்க்கு உகந்த சிறு நூல்களாக்கி வழங்கிற்று. டெரன்ஸ் டிக்ஸ் ஒருவரே அறுபதுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். விரைவு காரணமாக அவற்றுட் பல ஒரே வாய்பாட்டில் அமைந்துவிட்டன. அவ்வரிசையுள் நாம் முதன்மையாகப் போற்றுவது மால்கம் ஹல்க் 1974 இல் எழுதிய 'குகை விலங்குகள்' பற்றிய நூல். 1970 இல் தாமே எழுதிய தொலைக்காட்சிக் கதையை அவர் அதில் விரித்தார். மனிதர் தோன்றுமுன் உலகினை ஆண்டு, நெடுந்துயிலில் ஆழ்ந்த ஊர்வன இனம் ஒன்று விழித்தெழுந்து தன் நிலத்தைக் கேட்பது கதை. காட்சியில் அவ்வினத்தார்க்குப் பெயர்கள் இல்லை. எல்லாரும் முகமூடி அணிந்த பகைவரே. நூலிலோ அவர்களுக்குப் பெயர்கள் உண்டு. நூலின் தொடக்கமே அவ்வினத்தானின் பார்வையில் அமைந்துள்ளது. மனிதரின் மூதாதையர் அவன் கண்ணுக்கு வெறும் விலங்குகளாகப் படுகின்றனர்.

பெயரிட்ட அளவில் பகைவன் மாந்தனாகின்றான். யாருடைய நிலம் என்னும் வினா எழுகின்றது. தம் நிலத்தில் ஆலை எழுந்தமையைக் கண்ட குடும்பங்களின் மக்கள் நம் வகுப்புகளில் உளர். அவர்க்கு இவ்வினா கற்பனை அன்று. விரித்தல் என்பது பக்கத்தைப் பெருக்குதல் அன்று. மூலத்தில் வாயில்லாதிருந்தார்க்கு வாய் தருதல் என்பதற்கு இந்நூல் நற்சான்று.

சார்பு நூல்கள்

மூலத்தின் கதையை விடுத்து, அதன் உலகினை மட்டும் கொண்டு புதுக்கதை புனைவன சார்பு நூல்கள். 'ஸ்டார் டிரெக்' வரிசையில் வளர்ந்தோர்க்காக எழுதப்பெற்ற முதல் புதுக்கதை 1970 இல் பிளிஷ் எழுதியது. ஸ்பாக் என்னும் மாந்தன் இறக்க வேண்டும் என்று அதன் தலைப்பு முழங்குகின்றது. ஆனால் ஸ்பாக் இறவான், இறக்கவும் இயலாது. தொடரின் உரிமையாளர்க்கு அவன் தேவைப்படுகின்றான். இவ்வகைப் புதினங்களின் பெருங்குறை இதுவே. கதை எத்துணை இடருள் சென்றாலும் இறுதியில் எல்லாரும் தொடங்கிய இடத்திற்கே மீள வேண்டும். மாந்தர் வளர்தற்கும் மாறுதற்கும் மடிதற்கும் இடம் இல்லாத கதையில் அவலச்சுவை எங்ஙனம் பிறக்கும்?

இக்கட்டுப்பாட்டினுள்ளும் சிலர் வழி கண்டனர். வோண்டா மக்கின்டயர் 1981 இல் எழுதிய புதினத்தில், அதுகாறும் குடும்பப்பெயரால் மட்டும் அறியப்பட்ட சுலு என்னும் கப்பலோட்டிக்கு 'ஹிகாரு' என்னும் இயற்பெயரைச் சூட்டினார். 1991 இல் வந்த திரைப்படத்தில் அப்பெயர் திரையில் ஒலித்தது. சார்பு நூல் தந்ததை முதல்நூல் ஏற்றுக்கொண்டது என்பது நூல் வரலாற்றில் குறிக்கத்தக்க செய்தி.

ஜான் ஃபோர்டு 1984 இல் எழுதிய புதினம் இன்னும் துணிந்து செல்கின்றது. தொடரில் எப்பொழுதும் பகைவராகவே வரும் கிளிங்கன் இனத்தானாகிய கிரென் என்பவனே அதன் தலைவன். அறிந்த மாந்தர் கதையின் ஓரத்திலேயே நிற்கின்றனர். அவ்வினத்தின் குடிப்பிறப்பு, விளையாட்டு, மானம், அரசியல் ஆகியன உள்ளிருந்து காட்டப்படுகின்றன. தலைமை மாந்தர் பிறர்க்கு உரியர் ஆதலின், அவரை ஓரத்தில் நிறுத்தி, தமக்கென ஒருவனைப் படைத்துக்கொண்டார் ஃபோர்டு. அவனுக்கு வளரவும் இழக்கவும் உரிமை உண்டு. ஆனால் 1987 இல் தொடங்கிய அடுத்த தொடர் அவ்வினத்தை வேறு வகையாகவே வளர்த்தது. ஃபோர்டின் கிளிங்கன் உலகு மூலத்தால் ஏற்கப்படவில்லை. ஏற்கப்படாமை நூலின் குறை ஆகாது. உரிமை வேறு, இலக்கியத் தகுதி வேறு என்பதனை இது காட்டுகின்றது.

மறைந்த மூலமும் எஞ்சிய வழியும்

இவ்வகை நூல்களுக்கு எவரும் எண்ணாத பயன் ஒன்று பின்னர்ப் புலப்பட்டது. இங்கிலாந்தின் ஒலிபரப்புக் கழகம் 1960களிலும் 1970களிலும் தன் ஒளிநாடாக்கள் பலவற்றை அழித்து மீண்டும் பயன்படுத்திற்று. அவ்வாறு 'டாக்டர் ஹூ' தொடரின் தொடக்கக் காலப் பகுதிகள் பலவற்றின் காட்சிகள் இல்லாதொழிந்தன. ஒலிப்பதிவு மட்டும் எஞ்சியது. அதனுடன் வழிப்புதினங்களும் எஞ்சின. காட்சி மறைந்த கதையைப் படித்தறிதற்கு அச்சிறு நூல்களே வாயிலாயின.

தமிழர்க்கு இந்நிலை புதிதன்று. அதியமான் ஆண்ட தகடூர் இன்றைய தருமபுரி. 2004 வரை கிருட்டிணகிரியும் தருமபுரி மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. இப்பகுதியின் பெரும்போரைப் பாடிய தகடூர் யாத்திரை முழுமையாகக் கிடைக்கவில்லை. அதன் பாடல்கள் சிலவற்றைப் புறத்திரட்டு என்னும் தொகைநூல் காத்துத் தந்தது. தொகுத்தவர் அன்று தாம் செய்வது காவற்பணி என்று கருதியிருக்க வேண்டுவதில்லை. சிறு நூல் என்று ஒதுக்கப்படுவது நாளை ஒரே சான்றாக நிற்கக்கூடும். ஆதலின் இழிந்தவை என்று கருதப்படும் நூல்களையும் தொகுத்து வைத்தல் ஆராய்ச்சித் துறையின் கடமையாகும்.

தமிழில் மாறிய திசை

இனித் தமிழுக்கு வருவோம். தமிழில் இவ்வகையோடு ஒப்பிடத்தக்கது சுசாதாவின் 'என் இனிய இயந்திரா'. ஆயின் திசை மாறியுள்ளது. மேலைநாட்டில் தொலைக்காட்சி முந்தியது, புதினம் பிந்தியது. இங்கே புதினம் 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்னரே தூர்தர்ஷனில் காட்சித் தொடராயிற்று. 'மீண்டும் ஜீனோ' அதன் தொடர்ச்சியாக எழுந்த புதினம்.

திசை மாறியதற்குக் காரணம் உண்டு. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 இல்தான் தொடங்கிற்று. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தமிழ் வார இதழ் ஒரு வகை ஒளிபரப்பாக இயங்கி வந்தது. கிழமைதோறும் ஓர் இயல், இயலின் இறுதியில் ஓர் ஐயம், ஓவியர் வரைந்த முகம், அடுத்த கிழமை வரை வீடுதோறும் பேச்சு ஆகிய அனைத்தும் தொலைக்காட்சித் தொடரின் உறுப்புகளே. ஆகவே தமிழ்த் தொடர்கதை, காட்சி வருமுன்னரே காட்சித் தொடரின் யாப்பினைப் பெற்றிருந்தது. இந்திரா சௌந்தர்ராசனின் மருமப் புதினங்கள் பின்னாளில் 'மர்மதேசம்' தொடராக எளிதில் மாறியதும் இவ்வியைபினாலேயே எனக் கருதலாம்.

கதைக்களம் 2020களின் தொடக்கத்து இந்தியா. ஜீவா என்னும் ஒரே தலைவனின் ஆட்சி. மக்கட்பெயர் இரண்டெழுத்தில் அமைய வேண்டும். குழந்தை பெறுதற்கும் அரசின் இசைவு வேண்டும். இசைவு பெற்ற நிலா என்னும் பெண்ணின் கணவன் சிபி காணாமற் போகின்றான். ரவி என்பவனும், பேசவும் சிந்திக்கவும் வல்ல ஜீனோ என்னும் எந்திர நாயும் அவள் வீட்டிற்கு வருகின்றனர். இறுதியில், நாட்டினை ஆளும் ஜீவா உயிருள்ள மாந்தனே அல்லன், ஒளியாலாகிய உருவம் என்பது வெளிப்படுகின்றது.

இக்கதையின் உயிர்நிலை இவ்வெளிப்பாட்டில் உள்ளது. மக்கள் அஞ்சி வணங்கியது ஒரு படத்தை. படத்தை ஆக்குவோர் பின்னே மறைந்து நிற்கின்றனர். ஆளுவோன் உருவம் திரையில் தோன்றுவதே ஆட்சியாகிவிட்ட உலகினை இப்புதினம் எச்சரிக்கின்றது. அவ்வெச்சரிக்கையே பின்னர் அரசுக்குரிய தொலைக்காட்சியில் ஒளிப்படமாகத் தோன்றியது என்பது எண்ணி மகிழத்தக்க முரண். காட்சியாக மாறிய பொழுது பொருள் மிகுந்த புதினம் என இதனைக் கூறலாம்.

மேலைச் சார்பு நூல்களுக்கு இல்லாத உரிமை ஒன்றும் இதற்கு உண்டு. மாந்தர் ஆசிரியனுக்கே உரியர். ஆதலின் நிலா தொடங்கிய இடத்திற்கு மீளவில்லை. எளிய இல்லத்தரசியாக அறிமுகமானவள் ஆட்சிப்பீடத்தில் ஏறுகின்றாள். ஏறிய பின்னும் அவளை இயக்குவோர் பிறராக இருப்பதனை 'மீண்டும் ஜீனோ' காட்டுகின்றது. பொய்யுருவம் போய் மெய்யுருவம் வந்தும் ஆட்சி பொம்மலாட்டமாகவே இருக்கின்றது என்னும் கசப்பு, உரிமையாளரின் இசைவு வேண்டிய புதினத்தில் எளிதில் தோன்றாது.

குறைகளும் உள. கிழமைதோறும் எழுதிய விரைவு நடையில் தெரிகின்றது. திருப்பங்கள் சில இயலின் முடிவிற்காகவே அமைந்தவை. நிலாவின் அறியாமை தொடக்கத்தில் மிகைப்படுத்தப்பட்டுள்ளது. மாந்தரினும் எந்திர நாயே நெஞ்சில் நிற்பது படைப்பின் வெற்றியோ தோல்வியோ என்று வினவலாம். வெற்றி என்றே நாம் கருதுகின்றோம். மாந்தர் எந்திரம் போல் ஒழுகும் நாட்டில் எந்திரம் ஒன்றே நகைக்கவும் இரங்கவும் வல்லதாக இருத்தல் கதையின் பொருளுக்கு இயைந்தது.

எல்லைப் பகுதியும் இப்புதினமும்

சுசாதா என்னும் புனைபெயர் பூண்ட எஸ். ரங்கராசன் (1935–2008) பெங்களூருவில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியியலாளராகப் பணிபுரிந்தவர். மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தின் ஆக்கத்திலும் பங்கு கொண்டவர். ஓசூரிலிருந்து நாற்பது கல் தொலைவு கூட இல்லாத நகரம் அது. 1980களில் ஓசூரில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். நிறுவனமும் டைட்டனும் தொழிற்கூடங்களை நிறுவி வளர்ந்தன. ஊர்தியும் கைக்கடிகாரமும் இம்மண்ணில் உருவாகத் தொடங்கிய அதே பத்தாண்டில், எல்லைக்கு அப்பால் பணிபுரிந்த தமிழ்ப் பொறியியலாளர் ஒருவர் எந்திரம் பேசும் தமிழை ஆக்கினார். எந்திரத்தைப் பற்றித் தமிழில் எண்ணுதல் இயலும் என்பதனை அவர் நடை மெய்ப்பித்தது.

கதையின் காலம் வந்து கழிந்துவிட்டது. ஓலா நிறுவனத்தின் மின் ஈருருளி ஆலை கிருட்டிணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் எழுந்ததும் 2021 இல்தான். எந்திரக் கைகள் இன்று இப்பகுதி இளைஞர்க்குக் கற்பனை அல்ல, அன்றாடக் கருவிகள். ஆகவே இப்புதினத்தை அவர்கள் படிப்பது வருங்காலக் கதையாக அன்று, தம் காலத்தோடு வைத்து ஒப்பிடும் கதையாகவே. ஆசிரியர் எவற்றைச் சரியாக முன்னறிந்தார் என்று பட்டியலிடுதல் சிறு பயனே தரும். எந்திரத்தை யார் ஆள்கின்றார், அதனால் யார் ஆளப்படுகின்றார் என்னும் வினாவே நிலைத்தது. அதனை இப்பகுதி மாணவரினும் அறிந்து வினவ வல்லார் அரியர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படும். தொலைக்காட்சி வழிப் புதினங்கள் வழிநூல், சார்பு நூல் என்னும் தமிழ்ப் பாகுபாட்டினுள் நன்கு அடங்குவன. மூலம் உண்மையால் அவை இழிவன அல்ல. நோக்கம் இன்றி மூலத்தைப் படியெடுப்பனவே இழிவன. அவற்றுட் பெரும்பாலன படியெடுப்புகளே என்பதனையும் மறைத்தல் வேண்டா. எனினும் ஹல்க் பெயரற்ற பகைவர்க்குப் பெயர் தந்தார். ஃபோர்டு அயலவனைத் தலைவன் ஆக்கினார். சுசாதா திரையில் ஆளும் உருவத்தின் பொய்ம்மையைக் காட்டினார். இம்மூன்றனையும் இவ்வகையின் தேர்ந்த நூல்களாகக் கொள்கின்றோம்.

தமிழ்த் துறைகள் செய்யத்தக்கன மூன்று. வார இதழ்களில் வெளிவந்த அறிவியற் புனைகதைத் தொடர்களை ஓவியத்துடனும் இயல் எல்லையுடனும் தொகுத்துக் காத்தல் ஒன்று. நூல் வடிவத்தையும் காட்சி வடிவத்தையும் ஒப்பிட்டு வேறுபாடுகளைப் பதிவு செய்தல் மற்றொன்று. இப்பொருளில் ஆய்வு செய்ய முன்வருவோரை வகை நோக்கி விலக்காது, தகுதி நோக்கி ஏற்றல் மூன்றாவது. மாணவன் எந்நூலின் வழியாகத் தமிழுக்கு வந்தான் என்பது பெரிதன்று. வந்தவனுக்கு அந்நூலையே ஆராயும் முறையைக் கற்பித்தால், அம்முறையைக் கொண்டு அவன் காப்பியத்தையும் தானே அணுகுவான். வழிநூலின் இலக்கணத்தைச் சுசாதாவிடத்தில் கண்டறிந்தவனுக்குக் கம்பரிடத்தில் அதனைக் காண்டல் அரிதன்று.